கெளுத்திக்குப் பிசைந்த விரத இரை

ஈச்சங்குப்பத்துக் குடிநீர்க் கிணற்றில் ஒரு கெளுத்தி மீன் வாழ்ந்துவந்தது. கதைகளில் வரும் மீன்கள் பேசும், கொக்கை ஏமாற்றும், அரசனுக்கு அறிவுரை சொல்லும். இந்தக் கெளுத்தி அப்படியொன்றும் செய்ததில்லை. அது உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது உயிரோடு இருப்பதே வாட்டர்மேன் மாசிலாமணியின் வேலைக்கு உலை வைக்கப் போதுமானதாக இருந்தது.

ஈச்சங்குப்பம், கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் பஸ் மனம் வைத்தால் மட்டும் நிற்கிற சிற்றூர். மாசிலாமணி அங்கே பதினோரு ஆண்டுகளாக வாட்டர்மேன். விடியற்காலையிலும் அந்தியிலும் மோட்டார் போடுவதும், மேல்தொட்டி நிரம்பியதும் நிறுத்துவதும், தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவதும் அவன் பணி. அவன் தகப்பன் காலம்வரை அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் கொல்லையில் கூலி வேலை செய்தவர்கள். சர்க்கார் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த முதல் ஆள் அவன்தான். மேல்தெருவில் அவனைக் கண்டதும் இரண்டு பேர் எழுந்துகூட நிற்பார்கள்; தண்ணீர் ஐந்து நிமிடம் கூடுதலாக வரும் என்ற நம்பிக்கையில்தான் என்றாலும், எழுந்தது எழுந்ததுதானே.

மீன் வந்த கதை இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊரில் விஷக்காய்ச்சல் பரவியபோது ஒரு சுகாதாரக் குழு ஜீப்பில் வந்தது. கொசுப்புழுவைத் தின்பதற்குக் கிணற்றில் மீன் விடச் சொன்னது. அவர்கள் கொண்டுவந்த பொடிமீன்கள் முந்தைய ஊரிலேயே தீர்ந்துபோயிருந்தன. ஆணையை மதித்த மாசிலாமணி, புத்தூர்ச் சந்தைக்குப் போய் விரல் நீளத்தில் ஒரு மீனை வாங்கிவந்து விட்டான். "புழு துன்னுமா?" என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும் துன்னும்" என்று மீன்காரி சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து வேறொரு குழு வேறொரு ஜீப்பில் வந்தது. வாரம் ஒருமுறை கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னது. மீன் விடச் சொன்ன ஆணையை யாரும் ரத்து செய்யவில்லை. பவுடரைப் போட்டால் மீன் செத்துவிடும். மீன் இருக்க வேண்டுமானால் பவுடர் போட முடியாது. மாசிலாமணி ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டு, பவுடரைக் கிணற்றுக்குப் பதிலாக மேல்தொட்டியில் கரைத்தான். ஊர் குடித்த தண்ணீரில் குறையில்லை. ஆனால் ரிஜிஸ்டரில் அச்சடித்திருந்த கட்டம் ஒன்றே ஒன்று: 'கிணற்றில் போடப்பட்டது.' வாராவாரம் அதன் கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டான். இப்படித் தொண்ணூற்றுச் சொச்சம் கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன. இதற்குள் மீனும் முழங்கையைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

ஊரார் ஊராட்சித் தலைவரை நினைத்து அதற்குச் சர்பஞ்ச் என்று பெயர் வைத்திருந்தார்கள். யாராவது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் மேலே வந்து வாயைத் திறக்கும்; போட்டதை விழுங்கிவிட்டுக் கல்லிடுக்கில் மறைந்துவிடும்; வேறெந்தக் காரியத்துக்கும் வெளியே வராது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஒரு திங்கட்கிழமை, ஊர் அலுவலகமான சச்சிவாலயத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இஞ்சினீரிங் அசிஸ்டென்ட் கிரண்குமாரிடமிருந்து மாசிலாமணியின் போனுக்குக் குரல் செய்தி வந்தது. சித்தூர்க்காரர், தெலுங்கையும் தமிழையும் சோறும் குழம்பும்போலப் பிசைந்து பேசுபவர்.

"மாசிலாமணி, சுக்ரவாரம் கிணறு இன்ஸ்பெக்ஷன். உள்ள தண்ணி தெரியற மாதிரி நாலு போட்டோ நானே எடுத்து ஆப்ல ஏத்தணும். ரிஜிஸ்டர் ரெடியா வெச்சுக்கோ. சரேனா?"

மாசிலாமணி அதை மூன்று முறை கேட்டான். மனைவி கன்னிகா ஒரே முறை கேட்டாள்; அவளுக்கு விளங்கிவிட்டது.

"போட்டோ எடுக்கக் குனிஞ்சா அது வந்து நிக்குமே," என்றாள்.

"நிக்கும். வாயத் தொறந்துக்கினு நிக்கும்."

"உசிரோட மீனு கீதுன்னா கிணத்துல பவுடரே உழலன்னு ஆயிடும்."

"ஆயிடும்."

"அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள புடிச்சிடு."

சொல்வது எளிது. கிணறு நாற்பதடி ஆழம். ஆவணி மழையில் பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. வலை விட்டால் மீன் இடுக்கில் புகுந்துகொள்ளும். தண்ணீரை இறைக்க இரண்டு நாள் ஆகும், அதுவரை ஊர் எங்கே போகும்? பவுடரைக் கொட்டிக் கொன்றால், குடிக்கிற கிணற்றின் இடுக்கில் செத்த மீன் கிடந்து அழுகும். தூண்டிலில் சோறு கோத்துப் பார்த்தான். முள்ளைச் சுற்றியிருந்த சோற்றை மட்டும் நாகரிகமாகத் தின்றுவிட்டு முள்ளை அப்படியே வைத்துவிட்டுப் போனது. அதன் புத்தியைக் கெடுக்கிற அளவுக்கு வாசனையுள்ள இரை வேண்டும். கெளுத்திக்குக் கோழிக் குடல், கருவாடு, ஈரல் என்று உலகம் முழுவதற்கும் தெரியும். ஆனால் மாதம் புரட்டாசி. கிணற்றுக்கும் பஜனைக் கோயிலுக்கும் ஒரே சுவர். பெருமாளுக்குத் தீர்த்தம் அதே கிணற்றிலிருந்து. ஊரின் தமிழ்க் குடும்பங்கள் அத்தனையும் விரதத்தில் இருந்தன. எதிர்த்தெருத் தெலுங்குக் குடும்பங்களுக்கு விரதம் கார்த்திகையில்தான். ஐம்பது அடி தூரத்தில் தினமும் கோழி வெந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ஐம்பது அடியை ஒரு கோழிக் குடல்கூடக் கடக்க முடியாது. ஏனென்றால் நடுவில் சடகோபன் இருந்தார்.

சடகோபன் பஜனைக் கோயில் தருமகர்த்தா. நல்ல மனிதர். விதி என்று ஒன்று இருந்தால் அதை இஸ்திரி போட்டு மடித்து வைப்பவர்.

"கோயில் சுவத்துலேர்ந்து இருவது அடிக்குள்ள கவிச்சி வரக்கூடாது, மாசிலா. மண்புழுவும் உசிருதான்."

"அந்த மீனே கவிச்சிதானே அண்ணா. கிணத்துக்குள்ளயே கீதே."

சடகோபன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "உசிரோட கீற வரைக்கும் அது கவிச்சி இல்ல. ரெண்டு வருசமா பஜனை கேக்குது. ஒரு கணக்குல அது பக்தன்."

"பக்தனப் புடிக்கலாமா?"

"புடிக்கலாம். ஏரில உடலாம். கொல்லக்கூடாது. இரை மட்டும் சைவமா இருக்கணும். நான் பாத்துச் சொன்ன பொறவுதான் தண்ணில எறக்கணும்."

இப்படியாக, கெளுத்தி மீனுக்குச் சைவ இரை தயாரிக்கும் பணி ஈச்சங்குப்பத்தில் தொடங்கிற்று. மாசிலாமணிக்கு மூன்றரை நாள் இருந்தது.

முதல் இரை சடகோபனின் யோசனை. இரண்டு ஆண்டு கோயில் சுவரோரம் குடியிருந்த மீனுக்குக் கோயில் வாசனைதான் பிடிக்கும் என்று அவர் உறுதியாகச் சொன்னார். பச்சரிசி மாவில் வெல்லப்பாகு ஊற்றி, ஏலமும் பச்சைக் கற்பூரமும் பொடித்துப் போட்டு, துளசியை இடித்துச் சேர்த்து மாசிலாமணி பிசைந்தான். உருண்டை முள்ளில் ஏறிக் கிணற்றில் இறங்கியது. கெளுத்தி வந்தது. மீசையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தது. பிறகு, பந்தியில் உப்பு குறைந்ததைக் கண்டுபிடித்த சம்பந்தியைப்போல ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டது.

"இன்னிக்கி திங்கக்கெழம. ஒருவேள ஒருபொழுதோ என்னமோ," என்றார் சடகோபன்.

செவ்வாய்க்கிழமையும் அது ஒருபொழுதாகவே இருந்தது.

அன்று மாலை கன்னிகா தன் தம்பி ரகுவுக்குப் போன் செய்தாள். ரகு திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில் சமையல் மாஸ்டர். சேதியைக் கேட்டதும் சிரித்தான். சிரித்து முடித்ததும் லீவு போட்டான். புதன்கிழமை காலை இரண்டு பஸ் மாறி, பை நிறையச் சாமான்களுடன் வந்து இறங்கினான்.

"மாமா, நெஜக் கறி வெக்கக்கூடாதுன்னா பொய்க் கறி வெப்போம். எங்க மெஸ்ஸுல மீல் மேக்கர்ல ஒரு வறுவல் போடுவேன். கறி துன்னு வளந்தவனே ஏமாந்துட்டு எலும்பத் தேடறான். கெளுத்தி எம்மாத்திரம்?"

"மீனுக்கு ஏமாறத் தெரியுமாடா?"

"ஏமாறத் தெரியாத பிராணியே கெடையாது மாமா. நீங்க கல்யாணம் பண்ணிக்கல?"

"டேய்," என்றாள் கன்னிகா உள்ளேயிருந்து.

ரகு வேலையைத் தொடங்கினான். மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தான். காளானைப் பொடியாக அரிந்தான். சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி பூண்டு, சோம்பு, பட்டை, கிராம்பு, கல்பாசி அனைத்தையும் சிவக்க வறுத்து அம்மியில் வைத்து அரைத்தான். கடலை எண்ணெயில் போட்டு, நீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை கிளறினான். கடைசியில் மைதாவைத் தூவி எலுமிச்சை அளவில் நாற்பத்திரண்டு உருண்டைகள் பிடித்தான். முள்ளில் நிற்க வேண்டுமே என்று அவற்றைத் தோசைக்கல்லில் லேசாகப் புரட்டியும் எடுத்தான். தவறு அங்கேதான் நடந்தது.

வாசனை முதலில் கீழ்த்தெருவுக்குப் போயிற்று. பதினெட்டு நாளாகக் கீரையும் பருப்பும் உண்டிருந்த ஊர் அது. கதவுகள் திறந்தன. யாரும் யாரையும் அழைக்கவில்லை. ஆனால் மாசிலாமணி உருண்டைத் தட்டோடு கிணற்றடிக்கு வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய நாற்பது பேர், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்களைப்போல நின்றுகொண்டிருந்தார்கள்.

சடகோபன் தட்டைக் கையில் வாங்கினார். கண்ணை மூடி முகர்ந்தார். அவர் தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது.

"இது கறி வாசன."

"இல்லீங்க. முழுக்க சைவம்," என்றான் ரகு. "நான் செஞ்சது."

"மூக்கு அப்பிடிச் சொல்லல தம்பி. உள்ள இன்னா கீதுன்னு நாக்குக்குத்தான் தெரியும்." ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டார். மென்றார். ஊர் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சந்தேகமா கீது," என்றார். இன்னொன்றை எடுத்தார். "இப்பவும் தெளிவா சொல்ல முடியல."

மூன்றாவதையும் சோதித்த பிறகு, ஒருவர் சொல்லை நம்பி இதை முடிவு செய்யக்கூடாது என்று அவரே அறிவித்தார். பஜனையில் முதல் குரல் எடுக்கும் சுந்தரம்மாவை அழைத்தார். சுந்தரம்மா இரண்டு உருண்டை தின்றுவிட்டு, "காளான்னுதான் தோணுது. ஆனா என் நாக்கு வயசான நாக்கு. சின்னவங்களக் கேளுங்க," என்றாள். சின்னவர்கள் கேட்கப்பட்டார்கள். இந்தக் கிணற்றுத் தண்ணீரை எல்லோரும்தானே குடிக்கிறோம், ஆகவே வீட்டுக்கு ஒருவராவது சோதிப்பதுதான் நியாயம் என்று ஒருவர் சொன்னார். அதை யாரும் மறுக்கவில்லை. சோதனை ஒழுங்காக, வரிசையில் நடந்தது. வரிசையின் கடைசியில் நின்றவள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் சோறும் கொண்டுவந்திருந்தாள்.

"சோறு இன்னாத்துக்கு?" என்றான் மாசிலாமணி.

"வெறும் வாயில பாத்தா காரம் தெரியாது."

தட்டு காலியானதும் சடகோபன் வாயைத் துடைத்துக்கொண்டார். "சைவந்தான். இப்ப தாராளமா எறக்கலாம்."

மாசிலாமணி வெறும் முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பது தலைகளின் நிழல் தண்ணீரில் விழுந்ததைக் கண்டு கெளுத்தி மேலே வந்து வாயைத் திறந்தது. சற்று நேரம் அப்படியே இருந்தது. ஒன்றும் விழவில்லை. அன்றைக்கு ஈச்சங்குப்பத்தில் உண்மையாகவே பட்டினி கிடந்தது அந்த ஒரு ஜீவன்தான்.

ரகு மாலை பஸ்ஸில் திருப்பதி திரும்பினான். போகும்போது அவனுக்கு ஏழு பேர் ஆர்டர் கொடுத்தார்கள்.

அன்று மாசிலாமணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை போனால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தான். சம்பளம்கூடப் பெரிதில்லை, கூலிக்குப் போய்ச் சமாளிக்கலாம். ஆனால் மேல்தெருவில் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். 'பொய்க் கையெழுத்துப் போட்டவன்' என்று அவன் தெருவிலும் ஒரு பெயர் வரும். பதினோரு ஆண்டில் ஒரு நாள்கூட அவன் தண்ணீரைத் தாமதமாக விட்டதில்லை. அதை யார் எழுதி வைத்தார்கள்?

"எல்லாரும் மனுசனுக்குப் புடிக்கிற வாசனையாவே பண்ணிக்கினு கீறீங்க," என்றாள் கன்னிகா. "கெளுத்திக்கு மனுசன் மூக்கா கீது?"

"அப்ப எது புடிக்கும்?"

"மனுசன் எத்தக் கண்டு ஓடறானோ அது."

கன்னிகா ஒவ்வோர் ஆனி ஆடியிலும் மாங்கூழ்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள். மாம்பழத் தோலும் கொட்டையும் குவித்து வைத்த இடத்துக்குப் பின்னால் ஒரு குட்டை உண்டு. மழையில் அந்தக் குவியல் கரைந்து குட்டையில் வடியும்போதெல்லாம், கெளுத்திகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு அந்த வாய்க்கால் முனையில் முட்டி மோதுவதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். கத்தரிச் செடிக்குப் போடலாம் என்று அந்தத் தோலில் ஒரு பானை கொண்டுவந்து வாய் கட்டி எருக்குழியில் புதைத்தும் வைத்திருந்தாள். அது மூன்று மாதமாக அங்கே இருந்தது. இன்னொன்றும் செய்திருந்தாள். திங்கட்கிழமை குரல் செய்தி வந்த உடனேயே, யாரிடமும் சொல்லாமல், இரண்டு கிலோ கடலைப் புண்ணாக்கை நீரில் ஊறப்போட்டு மாட்டுக்கொட்டகை மூலையில் மூடிவைத்துவிட்டாள்.

"திங்கக்கெழமையேவா? ஏன் சொல்லல?"

"நாலு நாள் புளிக்கணுமே. சொல்லியிருந்தா அதையும் யாராவது ருசி பாத்திருப்பாங்க."

வியாழக்கிழமை அந்தி சாயும் நேரத்தில் அவள் இரண்டு பானைகளையும் திறந்தாள். வேலியில் இருந்த காகங்கள் எழுந்து வேறு ஊரை நோக்கிப் பறந்தன. பசு முளைக்கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிற்று. கன்னிகா மூக்கைச் சேலையால் கட்டிக்கொண்டு, புண்ணாக்கையும் மாந்தோல் கசண்டையும் ஒன்றாகக் கலந்தாள். அதில் ஒரு டப்பா பெருங்காயத்தைக் கொட்டினாள். வெந்தயப் பொடியைச் சேர்த்தாள். தண்ணீரில் கரைந்துவிடாமல் முள்ளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தலையணைப் பஞ்சைப் பிய்த்து உள்ளே வைத்துப் பிசைந்தாள். உருண்டை ஒன்றை மாசிலாமணி கையில் வைத்தபோது, அவன் கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. அதில் மகிழ்ச்சியும் கொஞ்சம் இருந்தது.

சடகோபனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் தெரு முனைவரை வந்தார். அங்கேயே நின்று போன் செய்தார்.

"கன்னிகா, அதுல கவிச்சி எதுவும் இல்லியே?"

"இல்லீங்க. வந்து பாக்கறீங்களா?"

"வேணாம்மா. உன் வார்த்தைய நான் நம்பறேன். எப்பவும் நம்பினதுதான்."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே தூண்டில் கிணற்றில் இறங்கிற்று. கெளுத்தி இடுக்கைவிட்டு வெளியே வந்து உருண்டையைச் சுற்றியது, போனது, மறுபடி வந்தது. அதன் மீசைகள் நடுங்குவதை மாசிலாமணி பார்த்தான். பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன கிரண்குமார் எட்டரைக்கே வந்துவிட்டார். பைக்கைத் தெருக் கோடியிலேயே நிறுத்தி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஏமய்யா இது? இதான் ஊர் குடிக்கிற தண்ணியா?"

"தண்ணி நல்ல தண்ணி சார்."

"நல்ல தண்ணியா? சித்தூர்லேர்ந்து கிளம்பினவன் கார்வேட்டிநகரத்துலயே வண்டிய நிறுத்தி சைலன்சர்ல என்னமோ செத்துக் கெடக்குன்னு பாத்தேன். இந்தக் கிணத்த இப்பவே சீல் வெக்கணும். மூணு மாசம் லேப் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஒரு சொட்டு எடுக்கக்கூடாது."

கூடியிருந்தவர்கள் பதறினார்கள். சுந்தரம்மா ஒரு செம்பில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அவர் எதிரிலேயே மடமடவென்று குடித்துக் காட்டினாள். சடகோபன் அதைத் தீர்த்தம்போல வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டார். நாலைந்து பேர் வரிசையாகக் குடித்தார்கள்.

"சரி, தண்ணி நாறல. அப்ப எது நாறுது?" என்றார் கிரண்குமார்.

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மாசிலாமணிக்காகத்தான் அந்த மௌனம் என்பது அவனுக்குப் புரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் ரிஜிஸ்டர் தப்பும். கிணற்றுக்குச் சீல் விழும். ஊர் மூன்று மாதம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கும். பதினோரு ஆண்டில் ஒரு நாள்கூடத் தண்ணீரைத் தாமதமாக விடாதவனுக்கு அந்தக் காட்சியை நினைக்கவே முடியவில்லை.

"நாறறது தூண்டில் இரை சார். நாங்க செஞ்சது."

"தூண்டிலா? குடிநீர்க் கிணத்துலயா? எதுக்கு?"

"மீனு புடிக்க."

"எந்த மீனு?"

"ரெண்டு வருசமா உள்ள கீற மீனு சார். கிணத்துல பவுடர் போட்டதுன்னு எழுதினதெல்லாம் பொய். மேல்தொட்டிலதான் போட்டேன். மீன் உடச் சொன்னதும் சர்க்காரு, பவுடர் போடச் சொன்னதும் சர்க்காரு. ரெண்டையும் ஒரே எடத்துல போட முடியல."

கிரண்குமார் கைப்பிடிச் சுவரை நெருங்கி, போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, உள்ளே நீட்டினார். அதே நொடியில் கெளுத்தியின் பொறுமை தீர்ந்தது.

கயிறு விறைத்தது. மாசிலாமணி முன்னால் இழுக்கப்பட்டான். வயிறு சுவரில் இடித்தது. கால்கள் தரையைவிட்டுக் கிளம்பின. கிரண்குமார் ஒரு கையால் அவன் இடுப்பைப் பற்றிக்கொண்டார். சடகோபன் கிரண்குமாரின் இடுப்பைப் பற்றினார். சடகோபனைச் சுந்தரம்மா பற்றினாள். இரண்டு ஆண்டு சோறும் ஊர் அன்பும் தின்று வளர்ந்த மீன் அந்த ஊரையே ஒருமுறை கிணற்றுப் பக்கமாக இழுத்தது. கிரண்குமாரின் மற்றொரு கையில் போன் இருந்தது. கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. மீன் சுவரைத் தாண்டி வந்து விழுந்தபோது எல்லோரும் அதன் பக்கத்திலேயே விழுந்து கிடந்தார்கள்.

மீனைத் தண்ணீர் நிறைத்த பேரலில் போட்டார்கள். கிரண்குமார் மண்ணைத் தட்டிவிட்டுப் போனைப் பார்த்தார். நான்கு போட்டோக்கள் எடுக்கப்பட்டு, இடமும் நேரமும் குறிக்கப்பட்டு, சித்தூருக்குத் தாமாகவே போய்ச் சேர்ந்திருந்தன. முதலாவதில் மீனின் திறந்த வாய். இரண்டாவதில் சடகோபனின் தொந்தி. மூன்றாவது வானம். நான்காவதில் மீன் கிணற்றுக்கு மேலே அந்தரத்தில், அரசாங்க விளம்பரத்தில் வருவதுபோல் தெளிவாக இருந்தது.

"அழிக்க முடியாதா சார்?" என்றான் மாசிலாமணி.

"ஏத்தினா ஏத்தினதுதான். எனக்கும் டெலிட் கெடையாது."

பேரலை ஆட்டோவில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனார்கள். பக்தனை வழியனுப்பச் சடகோபனும் கூடப் போனார். மாசிலாமணி முதன்முறையாகக் கிணற்றிலேயே பவுடரைக் கரைத்து ஊற்றினான். பிறகு ரிஜிஸ்டரை விரித்து, நடந்ததை நடந்தபடி ஒன்றரைப் பக்கம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான். அந்தக் கையெழுத்து மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக விழுந்தது. கிரண்குமார் படித்துப் பார்த்துப் பெருமூச்சுவிட்டு, 'என் முன்னிலையில்' என்று எழுதினார்.

"வேல போயிடுமா சார்?"

"சித்தூர்லேர்ந்து பேப்பர் வரும். அது வர்ற வரைக்கும் தண்ணி உடு."

பேப்பர் ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் வந்தது. தெலுங்கில் இரண்டு பக்கம். கிரண்குமார் அதைப் பம்ப்ரூமுக்கே கொண்டுவந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். படத்தில் காணும் மீன் அரசுக் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டதால் அது அரசு உடைமை. அது முதல் ஆணையின்படி விடப்பட்ட மீனா, வேறு மீனா என்று நேரில் பார்த்து அளந்த பிறகே குற்றம் முடிவு செய்யப்படும். அடையாளம் காட்டக்கூடியவர் வாட்டர்மேன் ஒருவரே என்பதால், மீன் சித்தூர் அலுவலகத்தில் ஆஜராகும்வரை அவர்மீது நடவடிக்கை எடுக்கலாகாது. மீனை ஏரியிலிருந்து பிடிக்கும் பொறுப்பும் அவருடையதே. தினசரி முயற்சிக்குப் போட்டோ அனுப்ப வேண்டும்.

மாசிலாமணி தாளை எட்டிப் பார்த்தான். "எத்தினி நாளுக்குள்ள புடிக்கணும்னு போட்டுக்கீதா சார்?"

கிரண்குமார் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். "தேதி போடல."

"அப்ப புடிக்கற வரைக்கும்..."

"வேலைல இரு."

"புடிச்சிட்டா?"

கிரண்குமார் மோட்டாரின் ஓசையைக் கவனிப்பவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரோஜும் சாயங்காலம் ஏரிக்குப் போ. தூண்டில் போடு. போட்டோ அனுப்பு. அதுக்குமேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

அன்று முதல் மாசிலாமணி ஏரிக்கரைக்குப் போகிறான். விரதம் முடிந்துவிட்டதால் சடகோபன் தினமும் வந்து, ஒரு துண்டு கோழிக் குடல் போட்டால் இரண்டே நிமிடம் என்று சொல்லிப் பார்க்கிறார். "அந்த வாசன எனக்கு ஒத்துக்கல அண்ணா," என்று மாசிலாமணி பணிவோடு சொல்லிவிடுகிறான். அவன் முள்ளில் கோப்பது வேப்பங்கொட்டை. அதைத் தின்கிற மீன் இந்த மண்டலத்தில் இல்லை என்று நாலு பேரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறான். போட்டோவில் அது இரை மாதிரியேதான் தெரிகிறது.

சென்ற வியாழக்கிழமை, வெயில் சாயும் வேளையில், கயிறு அசைந்தது. முதலில் லேசாக. பிறகு, கனமாக, அவனுக்குப் பழக்கமான ஓர் இழுப்பு. மாசிலாமணி எழுந்து நின்றான். சுற்றும்முற்றும் பார்த்தான். கயிற்றை ஒரு முழம் தளர்த்தினான். இழுப்பு நிற்கவில்லை. இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு பாகம் என்று விட்டுக்கொண்டே போனான். கையில் இருந்த கயிறு முழுவதும் தீர்ந்து, அதைச் சுற்றிவைத்திருந்த கட்டையும் விரலுக்கு வந்தபோது, ஒரு கணம் தயங்கினான். பிறகு கட்டையையும் மெல்ல விட்டுவிட்டான். அது நீரைக் கிழித்துக்கொண்டு ஏரியின் நடுவை நோக்கிப் போவதை நின்று பார்த்தான். போனை எடுத்து, ஒன்றுமில்லாத தண்ணீரை ஒரு படம் பிடித்து, 'இன்றும் முயற்சி செய்யப்பட்டது' என்று எழுதிச் சித்தூருக்கு அனுப்பிவிட்டு, மோட்டார் போட நேரமாகிவிட்டதே என்று வேகமாகப் பம்ப்ரூம் பக்கம் நடந்தான்.